வானத்துக்கு அளந்த வெளிச்சம்

மழை விட்ட கையோடு வருகிற வானந்தான் வானம் என்று தேவமலர் சொல்லுவாள். மார்கழியும் தையும் அவளுக்குப் படம் எடுக்கிற மாதங்கள். அப்போது சூரியன் தெற்கே சரிந்து, குருநகர்க் கடலுக்கு அப்பால் மண்டைதீவுப் பக்கம் இறங்கும். கொட்டித் தீர்த்த முகில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நிற்க, அவற்றின் அடிவயிற்றில் வெளிச்சம் பட்டு மேலே ஏறும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, சைக்கிள் கூடைக்குள் கமராவை வைத்து ஒரு துவாயால் மூடிக்கொண்டு புறப்பட்டால் வெயில் தாழ்கிற நேரத்துக்குக் கரைக்குப் போய்விடலாம்.

அவளுக்கு நாற்பது வயது. மிசன்காரர் தொடங்கிய ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தாள். கலியாணம் செய்யவில்லை. தாதியாக இருந்து ஓய்வுபெற்ற தமக்கை வினிபிரட்டோடு ஒரே வீட்டில் இருந்தாள். கமரா, இலண்டனில் இருக்கிற தம்பி அனுப்பியது. நிறப்படம் எடுத்தால் கழுவக் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்பதால் அவள் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தாள். குளியலறை யன்னலைக் கறுப்புச் சீலையால் மறைத்து அங்கேயே கழுவினாள். வில்லைக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடியைப் பூட்டினால் வானத்து நீலமெல்லாம் கறுத்துப்போகும். முகில் மட்டும் வெள்ளை வெளேரென்று எழும்பி நிற்கும். நிறம் இல்லாமலே அந்தியைக் காட்டலாம் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம். அந்தக் காலத்தில் கமராவோடு கடற்கரையில் நிற்பதே வில்லங்கம். கோட்டைக்குள் இராணுவம் இருந்தது. கடலில் ரோந்துப் படகுகள் ஓடின. பொழுதுபட்டபின் தொழிலுக்குப் போகக்கூடாதென்று தடை. கரையில் யார் யாரோ பெடியன்கள் துவக்கோடு நின்று, இதென்ன, எதைப் படம் பிடிக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். வானத்தைத்தான் என்று அவள் மேலே காட்டுவாள். அவர்களும் மேலே பார்ப்பார்கள். பிறகு ரீச்சருக்கு வேறு வேலையில்லை என்று போய்விடுவார்கள்.

வெறும் வானம் படமாகாது என்று அவளுக்குத் தெரியும். அடியில் கறுப்பாக ஏதாவது ஒன்று ஊன்றி நிற்கவேண்டும். இல்லாவிட்டால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். மீன் அடைக்கிற பட்டித் தடிகளை வைத்துப் பார்த்தாள். கவிழ்த்த வள்ளத்தை வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு மனிதன் ஒருவன் வேண்டும் போல் இருந்தது. வள்ளத்தைக் கரைக்கு விட்டுக்கொண்டிருந்த சந்தியோகுவைக் கூப்பிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் வள்ளம் தள்ளுகிற மரக்கோலை ஊன்றியபடி நிற்க முடியுமா என்று கேட்டாள்.

சந்தியோகுவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவளுக்குக் கண்டு பழக்கம்; மீன் வாங்கியிருக்கிறாள். படம் என்றதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்கு ஓடிப்போய் சேட் போட்டுக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான். சேட் வேண்டாம், சூரியன் நிற்காது என்று அவள் அவசரப்படுத்தினாள். அவன் குனிந்து கடல் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினான். ஈரக் கையால் தலைமயிரைப் படிய வாரினான். வள்ளத்தில் ஏறி நின்றுகொண்டு கேட்டான்:

"முகம் விழுமோ ரீச்சர்?"

போன வருடம் கோட்டையிலிருந்து அடித்த செல் விழுந்து அவனுடைய கொட்டில் எரிந்துபோனது. கலியாணப் படமும் அதோடு போயிற்று. சுவரில் மாட்ட ஒரு படம் இல்லையென்று மனுசி ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றான். தேவமலர் வெளிச்சமானியை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வானத்துக்கு அளந்தால் அதற்கு முன்னால் நிற்கிற எதுவும் கரிக்கட்டியாகத்தான் விழும். அதைத்தான் அவள் விரும்பினாள்.

"ஓம், விழும்" என்றாள். "என்னைப் பாக்க வேண்டாம். கடலைப் பாருங்கோ."

அவன் கடலைப் பார்த்தான். மூன்று நான்கு படம் எடுத்தாள். கால்களை அகற்றி நிற்கச் சொன்னாள், கோலைக் கொஞ்சம் சரிக்கச் சொன்னாள். சொன்னதெல்லாம் செய்தான். பிறகு வள்ளத்திலிருந்து இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, அவளுக்கு முன்னால் நேராக நின்றான். இனி ஒன்று இப்படி எடுங்கள், மனுசிக்குக் காட்டவேண்டும் என்றான். கமராவில் ஒரேயொரு படத்துக்கு இடம் மிச்சம் இருந்தது. அவள் அவன் பக்கம் திரும்பவும் செய்தாள். அந்த நேரம் பார்த்து அடியிலிருந்த முகில் பிளந்தது. கதிர்கள் விசிறியாக விரிந்து கடல் முழுவதும் பற்றிக்கொண்டதுபோல் ஆயிற்று. வள்ளம் தனியே நின்றது. அவள் யோசிக்கவில்லை. திரும்பி அதை எடுத்தாள்.

பிலிம் முடிந்துவிட்டது, அடுத்தமுறை வரும்போது நிச்சயம் எடுப்போம் என்றாள். அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தாலும், அதற்கென்ன ரீச்சர், நான் இங்கேதானே என்று சொல்லிவிட்டு வள்ளத்தைக் கட்டப் போனான்.

கடைசியாக எடுத்த அந்த வெறும் வள்ளம் அவ்வளவு நன்றாக வரவில்லை. அதற்கு முந்தியது, அவன் கோலோடு நிற்கிறது, அவள் வாழ்நாளில் எடுத்ததிலேயே சிறந்ததாக அமைந்தது. பெரிதாக அச்சிட்டுக் கண்ணாடி போட்டு விறாந்தையில் மாட்டினாள். வந்தவர்கள் எல்லாரும் அந்த வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அடுத்தமுறை என்று சொன்னாளே தவிர, தவணைப் பரீட்சை வந்தது, விடைத்தாள் திருத்தல் வந்தது. அவள் கரைப் பக்கம் போகவில்லை.

மாசி கடைசியில் ஒருநாள் காலை, சந்தியோகுவை ரோந்துப் படகொன்று பிடித்துக்கொண்டு போய்விட்டதாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கதைத்தார்கள். தூரத்தில் தொழில் செய்துகொண்டிருந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். வள்ளம் ஆளில்லாமல் மிதந்து வந்தது. வலை அறுக்கப்பட்டிருந்தது. துவக்குச் சூடு ஏதும் கேட்கவில்லை. அதுதான் ஒரே ஆறுதல்.

அவனுடைய மனைவி செபஸ்தியம்மா போகாத இடமில்லை. வேதக் கோயில் சுவாமியாரிடம் போனாள். பிரஜைகள் குழுவிடம் போனாள். எல்லா இடத்திலும் ஒன்றையே கேட்டார்கள்: படம் கொண்டுவா. பெயர்கள் ஒன்றுபோல இருக்கும், முகாம்களில் எழுதும்போது பிழையாக எழுதுவார்கள், படம் இருந்தால்தான் தேடலாம் என்றார்கள். அடையாள அட்டை அவன் மடியோடு போய்விட்டது. கலியாணப் படம் எரிந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு ரீச்சரின் நினைவு வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அவள் கணவனின் தம்பி கனிசியஸோடு வந்தாள். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. விறாந்தையில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவர் வந்து சொன்னார், ரீச்சர் என்னைப் படம் எடுத்தா, முகம் விழும் எண்டு சொன்னவ, என்றாள். சொல்லிக்கொண்டே கண்ணாடியில் விரலை வைத்து, அந்தக் கறுத்த உருவத்தின் தலையைத் தடவினாள்.

"இது இருட்டாக் கிடக்கு ரீச்சர். வெளிச்சமாக்க ஏலாதோ?"

தேவமலர் முயன்று பார்ப்பதாகச் சொன்னாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, நெகட்டிவை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். முகம் இருக்கவேண்டிய இடம் கழுவிய கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது. அதில் எதுவுமே பதியவில்லை. பதியாததை எந்த மருந்தாலும் கொண்டுவர முடியாது. அது பார்க்காமலே அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒன்றிரண்டு தாள்களில் தலையை மட்டும் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து அச்சிட்டாள். காதின் விளிம்பும், நாடியின் கோடும், ஈரமாக வாரிய மயிரில் ஒரு மினுக்கமும் வந்தன. அவ்வளவுதான். நடுவில் சாம்பல். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, படம் கழுவுகிற சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் கனநேரம் நின்றாள். 

வெளியே வந்து, முடியவில்லை என்றாள். வானத்துக்கு வெளிச்சம் அளந்ததால் ஆள் இருட்டாகிவிட்டதென்று வகுப்பில் விளக்குவதுபோல் விளக்கினாள். செபஸ்தியம்மா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எடுக்கேக்கையே உங்களுக்கு இது தெரியுமோ?"

"ஓம்."

 வினிபிரட் உள்ளேயிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். செபஸ்தியம்மா அழவில்லை, ஏசவுமில்லை. யன்னலோரம் நின்ற கனிசியஸைப் பார்த்தாள். காலை வெளிச்சம் அவன் முகத்தின் ஒரு பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. தமையனுக்கும் அவனுக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். கோயிலில் பின்னாலிருந்து பார்ப்பவர்கள் அடிக்கடி மாறிக் கூப்பிடுவார்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரீச்சர், இவனை எடுங்கோ."

கனிசியஸ் திடுக்கிட்டான். தேவமலருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முடியாதென்று மறுத்தாள். வேறொருவனின் படத்தைக் கொடுத்துத் தேடினால் தேடுகிறவர்களையே பிழையான வழியில் விடுவதாகும், நாளைக்குத் தெரிந்தால் உண்மையான படம் கொடுத்தவர்களையும் நம்பமாட்டார்கள் என்றாள். வினிபிரட்டும், அது பாவமான காரியம், சுவாமியாருக்கே பொய் சொல்வதாகும் என்றாள். செபஸ்தியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொய்யோ? அவர் வள்ளத்திலை நிண்டு, முகம் விழுமோ எண்டு கேக்கேக்கை நீங்கள் சொன்னதுக்கு என்ன பேர் ரீச்சர்?"

தேவமலர் அவர்களை நாளைக்கு வரச் சொன்னாள்.

அடுத்த நாள் ஆராதனை முடிந்து வந்து, முற்றத்தில் மாமரத்து நிழல் விளிம்பில் ஒரு கதிரையைப் போட்டாள். கனிசியஸ் தமையனின் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மீசையைத் தமையனுடையதுபோல் ஒட்டக் கத்தரித்திருந்தான். தேவமலர் பல வருடங்களாக மனிதர் முகத்துக்கு வெளிச்சம் அளந்ததில்லை. முகத்துக்குக் கிட்டப் போய் வெளிச்சமானியைப் பிடித்தபோது அவன் மூச்சு அவள் கையில் பட்டது. அவன் பயந்திருந்தான். சிரிக்கவேண்டாம், ஆனால் பயந்த மாதிரியும் இருக்கவேண்டாம், அண்ணை எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பாருங்கள் என்றாள். அவன் கண்களை ஒருமுறை மூடித் திறந்தான். அந்தக் கணத்தில் எடுத்தாள்.

சந்தியோகுவின் புருவத்தில் ஒரு வெட்டுக்காயம் உண்டு. சின்ன வயதில் கொளுக்கி கிழித்தது. இந்த இடம் என்று செபஸ்தியம்மா தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். தேவமலர் படத்தில் கனிசியஸின் இடது புருவத்தில் மெல்லிய தூரிகையால் அந்தக் காயத்தைத் தீட்டினாள். காய்ந்ததும் செபஸ்தியம்மாவிடம் நீட்டினாள். அவள் நெடுநேரம் பார்த்தாள். எல்லாம் சரிதான், ஆனால் பார்க்கும்போது அவராக இல்லை, ஏதோ ஒன்று இடிக்கிறது என்றாள். தம்பியின் முகம்தானே, இடிக்கத்தான் செய்யும் என்று மூவரும் சமாதானப்பட்டுக்கொண்டார்கள்.

படம் போகவேண்டிய இடங்களுக்கெல்லாம் போயிற்று. கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், காணாமற்போனவர்களின் படங்களை ஒரு பலகையில் ஒட்டியிருந்தார்கள். அங்கேயும் ஒன்று ஒட்டப்பட்டது. கிறகோரி சுவாமியார், ரீச்சர் எடுத்த படம், எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார். தேவமலர் தலையைக் குனிந்துகொண்டாள்.

உண்மையான துன்பம் கனிசியஸுக்கு வந்தது. பலகையைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் அவனைக் கண்டு திகைத்தார்கள். யாரோ ஒரு கிழவர் சந்தையில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, வந்துவிட்டாயா என்று அழுதார். அப்படியானவற்றை அவன் பொறுத்துக்கொண்டான். ஆனால் அந்தப் படம் முகாம்களுக்கும் போயிருக்கிறதென்று அறிந்த நாளிலிருந்து அவனுக்கு நித்திரை போய்விட்டது. சுற்றிவளைப்பில் அகப்பட்டால், இவன் எங்களிடமிருந்து தப்பியவன் என்று சொல்லமாட்டார்களா? அவன் கோட்டைக்குக் கிட்ட இருக்கிற பண்ணைப் பக்கம் போவதை விட்டான். கடலுக்குப் போவதை விட்டான். பிறகு பகலில் வெளியே வருவதையே விட்டான். ஒருநாள் தேவமலர் பார்க்கப் போயிருந்தபோது மூலையில் குந்தியிருந்தபடி சொன்னான்:

"என்ரை முகத்தை அண்ணைக்குக் குடுத்திட்டன் ரீச்சர். இனி எனக்கெண்டு ஒண்டும் இல்லை."

சித்திரை பிறந்து சில நாளில் அவன் இராமேசுவரத்துக்கு வள்ளம் ஏறிவிட்டான். செபஸ்தியம்மாவுக்கு உதவியென்று இருந்த ஒரே ஆணும் போனான். அவள் கருவாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிச் சுன்னாகம் சந்தைக்குப் போகத் தொடங்கினாள். தேவமலர் சந்தியோகுவின் மகளுக்குப் பின்னேரங்களில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். கூலி இல்லாத வேலை என்று வினிபிரட் நினைத்தாள். தேவமலருக்கோ அந்த வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். விறாந்தைப் படத்தைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அடுத்த மார்கழியில் வானம் முன்னைவிட வடிவாக இருந்தது. பள்ளிக்கூடத்து மேல்மாடியிலிருந்து அதைக் கண்டாள். உடனே வகுப்பறைக்குள் போய்விட்டாள்.

அந்த மார்கழி முடிவதற்குள்தான் சுவாமியாரிடமிருந்து ஆள் வந்தது. தெற்கே ஒரு தடுப்பு முகாமிலிருந்து விடுதலையான பெடியன் ஒருவன் மண்டபத்துக்கு வந்திருக்கிறான், சந்தியோகுவின் படத்தைக் கண்டு ஏதோ சொல்கிறான் என்று. தேவமலரும் செபஸ்தியம்மாவும் ஓடினார்கள்.

பரமலிங்கம் என்பது அவன் பெயர். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்கிற குடும்பம். கன்னம் ஒட்டி, சேட் தோளில் தொங்க, மர வாங்கின் நுனியில் இருந்தான். இன்னும் யாராவது அதட்டினால் எழும்பி நிற்கத் தயாராக இருப்பவன்போல் இருந்தது. பலகையில் இருந்த படங்களில் இரண்டு பேரைத் தன்னோடு அடைபட்டிருந்தவர்கள் என்று அடையாளம் காட்டியிருந்தான். சந்தியோகுவின் படத்தைக் காட்டியபோது மட்டும் தயங்கினானாம்.

"இந்த அண்ணைதான். குருநகராள். இருமிக்கொண்டு இருப்பார். ஆனா..." என்று நிறுத்தினான்.

 பிடிபட்டுவிட்டோம் என்று தேவமலர் நினைத்தாள். இவன் இப்போது, இது அவர் இல்லை, அவர் தம்பி என்று சொல்லப்போகிறான். சுவாமியாரும் பக்கத்தில் நிற்கிறார். ஆனால் என்ன, சொல்லு என்று செபஸ்தியம்மாதான் கேட்டாள்.

"காயம் மற்றப் பக்கம் அக்கா. எனக்கு அவருக்கு நேரேதான் படுக்கை. இந்தப் படத்திலை பக்கம் மாறிக் கிடக்கு."

 செபஸ்தியம்மா கண்களை மூடினாள். தன்னுடைய முகத்தை விட்டுவிட்டு, கையை முன்னால் நீட்டி, எதிரே ஒருவர் நிற்பதுபோல் வெறும் காற்றில் அவர் முகத்தைத் தேடினாள். விரல் ஒரு இடத்தில் போய் நின்றது. அது அவளுக்கு இடது பக்கம். எதிரே நிற்கிறவருக்கு வலது பக்கம். அவள் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் கணவனைப் பார்த்தே பழகியவள். அன்றைக்கு அதைத்தான் தன் முகத்தில் தொட்டுக் காட்டியிருக்கிறாள்.

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் காயத்தின் பக்கத்தை இந்த மண்டபத்தில் யாருமே சரியாகச் சொன்னதில்லை. ஆளை நேரில் கண்டவனுக்குத்தான் அது தெரியும்.

அன்றைக்கே தேவமலர் சுவாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர், முகாமின் பெயரை எழுதித் தருகிறேன், இனி அவன் பெயரைச் சொல்லியே கேட்கலாம் என்றார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது அவளை மேலும் வருத்தியது.

ஆனாலும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. மனு மேல் மனுவாகப் போயிற்று. எண்பத்தேழில் வடமராட்சியில் சண்டை நடந்தது. உடுப்பிட்டியில் இருந்த உறவினர் குடும்பமொன்று தேவமலரின் வீட்டில் வந்து தங்கிப் போயிற்று. அதற்குப் பிறகு ஒப்பந்தம் வந்தது, இந்தியப் படை வந்தது, தடுத்து வைத்திருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக விடத் தொடங்கினார்கள். ஆவணி மாதத்து ஒரு பின்னேரம் சந்தியோகு பஸ்ஸிலிருந்து இறங்கித் தனியே வீட்டுக்கு நடந்து போனான்.

தேவமலர் சில நாள் பொறுத்துத்தான் போனாள். கமராவைக் கொண்டுபோவதா விடுவதா என்று அலைக்கழிந்து, கடைசியில் கூடைக்குள் வைத்துத் துவாயால் மூடிக்கொண்டாள். புது பிலிம், ஒரு படமும் எடுக்காதது.

அவன் வேலிக் கரையில் அறுந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். மயிர் பாதி நரைத்திருந்தது. முன்பல் இரண்டு இல்லை. கனிசியஸின் படத்துக்கும் அவனுக்கும் இப்போது ஒரு பொருத்தமும் இல்லை. அதே படத்தை இன்றைக்குக் காட்டினால் பரமலிங்கத்துக்கும் சந்தேகம் வரும். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, வாருங்கோ ரீச்சர் என்று எழும்பினான். இருமினான். மகளுக்குப் படிப்பித்ததற்கு நன்றி சொன்னான்.

அவள் தன் பிழையைச் சொல்லத் தொடங்கினாள். அவன் கையை உயர்த்தித் தடுத்தான். செபஸ்தி எல்லாம் சொல்லிப்போட்டாள் என்றான். தேவமலர் கூடையைத் திறந்து துவாயை விலக்கினாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இப்போது எடுப்போமா என்றாள். கமராவைக் கண்டதும் அவன் உடம்பு ஒருதரம் ஒடுங்கியது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

"வேண்டாம் ரீச்சர். அங்கை நம்பர்ப் பலகை பிடிச்சபடி நேரை ஒண்டு, பக்கம் பாத்து ஒண்டு எண்டு எடுத்தவங்கள். ஒவ்வொரு தடவை அதிகாரி மாறேக்கையும் எடுத்தவங்கள். என்ரை முகம் போதுமான இடத்திலை கிடக்கு."

அவள் துவாயைத் திரும்ப மூடினாள்.  பிறகு அவன் தம்பியைப் பற்றிக் கதைத்தான். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருக்கிறானாம். வரச் சொல்லி ஆளனுப்பியும் பயத்தில் வரமாட்டேன் என்கிறானாம். அந்தப் படத்தைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும், அதற்கு நீங்களும் வரவேண்டும், எனக்கு அந்தக் கூட்டத்துக்கு முன்னால் தனியே போக ஏலாது என்றான்.

மறுநாள் காலை போனார்கள். மண்டபத்தில் வழக்கம்போல் பெண்கள் கூடியிருந்தார்கள். முகாம்கள் திறக்கப்பட்ட செய்தியோடு கூட்டம் இன்னும் பெருகியிருந்தது.  சந்தியோகு யாரையும் பார்க்காமல் பலகைக்கு நேரே போனான். தம்பியின் முகத்துக்கு முன்னால் நின்றான். படத்தின் நான்கு மூலையிலும் ஒட்டியிருந்த பசைத்தாளை நகத்தால் சுரண்டி, கிழியாமல் உரித்தெடுத்தான். பலகையில் அந்த இடம் மட்டும் வெளிறாமல் சதுரமாக இருந்தது. படத்தைச் சேட் பைக்குள் வைத்துக்கொண்டு வந்த வழியே வெளியேறினான். அவன் போகும் மட்டும் பெண்கள் வழிவிட்டு நின்றார்கள். ஒருத்தி அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தேவமலர் அவன் பின்னால் போகத் திரும்பியபோது யாரோ அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தார்கள். நடுத்தர வயதுப் பெண். கமலாவதி என்று பெயர் சொன்னாள். சுன்னாகத்துப் பக்கம். வெங்காயத் தோட்டத்தில் நின்ற மகனைக் கொண்டுபோனார்கள், பதினெட்டு வயது, இரண்டு வருடமாகிறது என்றாள். படம் இல்லை. பள்ளிக்கூடத்தில் எடுத்த குழுப்படம் ஒன்று இருக்கிறது, அதில் அவன் பின்வரிசையில் மற்றவனின் தலைக்குப் பின்னால் நிற்கிறான். குருநகராளை நீங்கள் படம் எடுத்துத்தான் கண்டுபிடித்தீர்களாம், எல்லாரும் சொல்கிறார்கள் என்றாள்.

தேவமலர் அப்படியில்லை என்று சொல்லப் பார்த்தாள். அது அவர் படமே இல்லை. அவரைக் கண்ட ஒருவன் உயிரோடு வெளியே வந்ததால்தான் அறிந்தோம். வெளிச்சமானியும் தூரிகையும் யாரையும் கொண்டுவராது. இதையெல்லாம் அவள் சொன்னாள். கமலாவதி தலையை ஆட்டிக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, பின்னால் நின்ற ஒரு பெண்பிள்ளையைக் கையில் பிடித்து முன்னுக்கு இழுத்தாள். பதினைந்து பதினாறு வயது இருக்கும். பள்ளிக்கூடச் சட்டை போட்டிருந்தாள்.

"இவள் தமையனை உரிச்சு வைச்சவள் ரீச்சர். கண், மூக்கு எல்லாம் அவன்தான். தலைமயிரை வேணுமெண்டா வெட்டி விடுறன்."

 அந்தப் பிள்ளை தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது. மறுத்துவிடலாம் என்று தேவமலருக்குத் தோன்றியது. மறுக்கவேண்டும் என்றும் தோன்றியது. இராமேசுவரத்துக்கு வள்ளம் ஏறின கனிசியஸ் நினைவுக்கு வந்தான். ஆனால் சுற்றிவர நின்ற மற்றப் பெண்களும் தன்னையே பார்ப்பதைக் கண்டாள். ஒருத்தி ஏற்கனவே முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளேயிருந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வெட்ட வேண்டாம்" என்றாள் தேவமலர். "பின்னலைச் சட்டைக்குள்ளை விட்டு, மயிரைப் படிய வாரினாப் போதும்."

வெளியே கோயில் சுவரோரம், நிழல் விளிம்பில் ஒரு வாங்கு கிடந்தது. பிள்ளையை அதில் இருத்தினாள். கமலாவதி சீப்பைத் தண்ணீரில் தோய்த்து மகளின் தலையை வாரினாள். வாரும்போது, மகனைக் கூப்பிடுகிற மாதிரி, தம்பி, தம்பி என்று அவள் வாய் முணுமுணுத்தது. அந்தப் பிள்ளை அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. தேவமலர் சைக்கிளடிக்குப் போய், நேற்றிலிருந்து கூடைக்குள்ளேயே கிடந்த கமராவை எடுத்து வந்து குனிந்து, வெளிச்சமானியை அந்த முகத்துக்கு மிகக் கிட்டப் பிடித்தாள்.  மகனுக்கு முகத்தில் மச்சமோ காயமோ ஏதும் உண்டா என்று கேட்டாள். பிறகு தாயை மகளுக்குப் பின்னால் நிற்பாட்டி, எந்தப் பக்கம் என்று பிள்ளையின் முகத்திலேயே தொட்டுக் காட்டச் சொன்னாள்.